நாயின்ர ஆயுசு எங்கட படலையில இருக்கு

எங்கட ஊரில் யாரிடமாவது "உங்களிட்ட முதல் இருந்த நாய் எப்பிடிச் செத்தது?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று பதில்தான் வரும். "றோட்டில வாகனம் அடிச்சுப் போட்டுது." "என்னவோ வருத்தம், ரெண்டு நாள் சாப்பிடேல்லை, மூண்டாம் நாள் முடிஞ்சுது." "ஆரோ நஞ்சு வைச்சிட்டினம்." வயசு போய்ச் செத்தது என்ற பதில் எப்போதாவதுதான் கிடைக்கும். சொல்பவரும் ஏதோ அதிசயம் போலத்தான் அதைச் சொல்வார். அடுத்த மாதமே எங்கிருந்தோ ஒரு குட்டி வரும். பழைய நாயின் பெயரையே அதற்கும் வைப்பார்கள். ஜிம்மி போனால் இன்னொரு ஜிம்மி. "நாய்ப் பிறவிதானே, அதின்ர விதி அவ்வளவுதான்" என்பதோடு கதை முடிந்துவிடும்.

இந்த "விதி" என்ற சொல்லோடுதான் எங்களுக்குப் பிரச்சினை. எங்கட ஊர் நாய் நடுத்தர உடம்பும் வலுவும் உள்ள பிராணி. ஒழுங்காகக் கவனித்தால் பன்னிரண்டு, பதின்மூன்று வருடம் வாழ்வது அதற்குப் பெரிய காரியமில்லை. ஐந்து வயதில் செத்துப்போகும் நாய் பாதி ஆயுளைக்கூட முடிக்கவில்லை. மீதியை எடுத்தது விதி இல்லை. திறந்து கிடந்த படலை, கவனிக்காமல் விட்ட உண்ணி, போடாத ஊசி, இவைதான் எடுத்தன.

அமெரிக்காவில் வொஷிங்ரன் பல்கலைக்கழகமும் ரெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகமும் சேர்ந்து, ரபமைசின் என்ற மருந்து நாய்களின் ஆயுளைக் கூட்டுமா என்று ஆராய்கின்றன. நல்ல விசயம்தான். ஆனால் அந்த மருந்து எங்கட ஊருக்கு வந்தாலும், படலை திறந்து கிடந்தால் நாய் பஸ்ஸில் அடிபட்டுத்தான் சாகும். எங்கட நாய்களின் ஆயுளைக் கூட்டப் புது மருந்து தேவையில்லை. தெரிந்த நாலைந்து வேலைகளை ஒழுங்காகச் செய்தால் போதும். அதைத்தான் இங்கே சொல்ல வருகிறோம்.

படலையும் சங்கிலியும்

எங்கட பக்கத்தில் நாய் வளர்க்க இரண்டு முறைதான் இருக்கிறது. ஒன்று, விடிய எழும்பிப் படலையைத் திறந்துவிடுவது. நாய் ஊர் சுற்றிவிட்டுப் பசித்தால் வரும். மற்றது, குட்டியில் போட்ட சங்கிலியைச் சாகும்வரை கழற்றாமல் விடுவது. இரண்டுமே ஆயுளைத் தின்னும்.

ஊர் சுற்றும் நாய்க்கு வாகனம் மட்டும் ஆபத்தில்லை. மற்ற நாய்களோடு கடிபட்ட காயம் புழுக்கும். குப்பையில் கிடப்பதைத் தின்னும். கோழி வளர்ப்பவர் வைத்த நஞ்சிலும் வாய் வைக்கும். இதைவிட, பலருக்குத் தெரியாத இன்னொன்றும் இருக்கிறது. நாய்கள் இணைசேரும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பரவும் ஒரு புற்றுநோய். பொதுவாகப் புற்றுநோய் தொற்றாது, இது தொற்றும். ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன்னர் ஒரேயொரு நாயின் உடலில் தோன்றிய புற்றுக் கலங்கள், நாய்க்கு நாய் தாவித் தாவி இன்றைக்கும் உயிரோடு இருக்கின்றன. பிறப்புறுப்பிலிருந்து இரத்தம் கசிந்துகொண்டே இருந்தால் சந்தேகப்பட வேண்டும். வேளைக்குக் கொண்டுபோனால், வின்கிறிஸ்ரீன் என்ற மருந்தை வாரம் ஒருமுறை ஏற்றிப் பெரும்பாலும் சுகப்படுத்திவிடலாம். "சூடு பிடிச்சிட்டுது" என்று விட்டால் அவ்வளவுதான்.

அப்படியென்றால் கட்டித்தானே வைக்க வேண்டும் என்று கேட்பீர்கள். இல்லை. இருபத்துநாலு மணித்தியாலமும் கட்டிக் கிடக்கும் நாய் தின்பதும் கழிப்பதும் ஒரே இடத்தில்தான். அந்த இடம் உண்ணிக்கும் புழுவுக்கும் பண்ணை. வெயில் திரும்பினாலும் அதனால் நிழலுக்குப் போக முடியாது. நாய்க்கு எங்களைப் போல உடம்பு முழுக்க வியர்க்காது, நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். சித்திரை வெயிலில் தகரத்துக்குக் கீழே, கவிழ்ந்த தண்ணிச் சட்டியோடு கிடக்கும் நாய் ஒரே மத்தியானத்தில் செத்துப்போகலாம். இதோடு தனிமையும் சேரும். 2023இல் அமெரிக்காவில் 21,000க்கும் மேற்பட்ட நாய்களின் விபரங்களை வைத்து ஓர் ஆய்வு வந்தது. வீட்டின் பண நிலையைவிட, கூட வேறு நாய்கள் இருப்பது போன்ற துணையோடுதான் நாயின் ஆரோக்கியம் கூடுதலாகத் தொடர்புபட்டிருந்தது என்கிறது அந்த ஆய்வு. சங்கிலியில் தனியே கிடக்கும் நாய்க்கு அந்தத் துணை இல்லை.

நடுவில் ஒரு வழி இருக்கிறது. வேலிப் பொட்டுகளை அடையுங்கள், படலைக்கு ஒரு கொளுக்கி போடுங்கள், நாயை வளவுக்குள் அவிழ்த்து விடுங்கள். பின்னேரம் அரை மணித்தியாலம் பட்டி போட்டு நீங்களே வெளியில் கூட்டிக்கொண்டு போங்கள். ஊர் சிரிக்கும், "நாயோட உலாத்தப் போறார்" என்று. சிரிக்கட்டும். வெளியே போய் மணந்து பார்த்துத் திரிந்து வரும் நாய் வேலி பாய யோசிக்காது.

சட்டியில் என்ன இருக்கிறது?

"எங்கட நாய் நாங்கள் தின்னுறதெல்லாம் தின்னும்" என்று பெருமையாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தின்னும், ஆனால் தாங்காது. குழம்பில் வெங்காயமும் உள்ளியும் இருக்கின்றன. இரண்டும் நாயின் செங்குருதிக் கலங்களை உடைப்பவை. அவித்த, பொரித்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். சொக்லேற்றும் முந்திரிகைப் பழமும் நாய்க்கு நஞ்சு. காய்ச்சல் என்று பனடோல் கொடுப்பதும், நொண்டுகிறது என்று எங்கட நோ மாத்திரையில் பாதியை உடைத்துப் போடுவதும் ஈரலையும் சிறுநீரகத்தையும் குடலையும் பழுதாக்கும். மனிதருக்குரிய குளிசையை வைத்தியர் சொல்லாமல் நாய்க்குக் கொடுக்காதீர்கள்.

அதற்காக இறக்குமதிச் சாப்பாடுதான் போட வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. 2022க்குப் பிறகு அதன் விலையைப் பார்த்தவர்களுக்குக் கதை தெரியும். சோறு நாய்க்கு எதிரி இல்லை, வெறும் சோறுதான் பிரச்சினை. குழம்பு வைக்க முதலே நாயின் பங்கை எடுத்து வையுங்கள். சூடையோ சாளையோ உப்பும் தூளும் போடாமல் அவித்து, முள்ளை எடுத்து, ஒரு துண்டு பூசணிக்காயும் சேர்த்துச் சோற்றோடு பிசைந்து கொடுங்கள். இடைக்கிடை ஒரு முட்டை. நாள் முழுக்க நல்ல தண்ணி. வளரும் குட்டிக்குக் கல்சியமும் தேவை. அது எவ்வளவு என்பதை வைத்தியரிடம் கேளுங்கள்.

அளவும் முக்கியம். இந்த விசயத்தில் ஒரு பெயர்பெற்ற ஆய்வு இருக்கிறது. 48 லாப்ரடோர் நாய்களைச் சோடி சோடியாகப் பிரித்து, ஒன்றுக்குக் கொடுத்ததைவிட மற்றதுக்கு 25 வீதம் குறைவாகக் கொடுத்து, வாழ்நாள் முழுக்கக் கவனித்தார்கள். 2002இல் முடிவு வெளியானது. கூடுதலாகத் தின்ற கூட்டத்தின் இடைநிலை ஆயுள் 11.2 வருடம், குறைவாகத் தின்ற கூட்டத்துக்கு 13. கிட்டத்தட்ட இரண்டு வருடம் கூட! மூட்டு வருத்தமும் பிந்தித்தான் வந்தது. ஆகவே, "நல்லாக் கொழுத்திருக்கு" என்பதைப் புகழ்ச்சியாக எடுக்காதீர்கள். விலாவில் கையை வைத்தால் எலும்பு தட்டுப்பட வேண்டும், ஆனால் துருத்திக்கொண்டு தெரியக்கூடாது. அதுதான் கணக்கு.

உண்ணி சின்ன விசயம் இல்லை

"ரெண்டு நாள் சாப்பிடேல்லை, மூண்டாம் நாள் முடிஞ்சுது" என்கிற அந்தப் "என்னவோ வருத்த"த்துக்குப் பல வேளைகளில் பெயர் இருக்கிறது. அதில் ஒன்று உண்ணிக் காய்ச்சல். எர்லிக்கியா, பபேசியா என்ற நுண்ணங்கிகளை உண்ணி நாயின் இரத்தத்துக்குள் விட்டுவிடுகிறது. நாய் சோர்ந்து படுக்கும், காய்ச்சல் அடிக்கும், முரசு வெளிறும், சிலவேளை மூக்கால் இரத்தம் வரும், சிறுநீர் கடுந்தேத்தண்ணி நிறத்தில் போகும். இரத்தத்தைப் பரிசோதித்து எது என்று கண்டுபிடித்தால் மருந்து இருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் ஒரே மருந்து இல்லை. எர்லிக்கியாவுக்குக் கொடுக்கும் குளிசை பெரும்பாலும் கிழமைக் கணக்கில் போக வேண்டியது. "சாப்பிடத் தொடங்கிட்டான்" என்று நாலாம் நாள் நிப்பாட்டினால் வருத்தம் உள்ளுக்குள் பதுங்கி இருந்து பிறகு திரும்பி வரும்.

நாயில் தெரிவது உண்ணிக் கூட்டத்தில் ஒரு பகுதிதான். இரத்தம் குடித்த பெட்டை உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் கல்லுக்குக் கீழேயும் ஆயிரக்கணக்கில் முட்டை இடும். ஆகவே நாய்க்கு மருந்து போடும் அன்றைக்கே படுக்கிற சாக்கை வெயிலில் போட்டு, கூட்டையும் வெடிப்புகளையும் சுத்தம் செய்ய வேண்டும். காதுக்குள்ளும் கால் விரல் இடுக்கிலும் கழுத்துப் பட்டிக்குக் கீழேயும் கிழமைக்கு ஒருக்கால் பாருங்கள்.

இந்த இடத்தில் இரண்டு ஊர் வைத்தியங்களைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். தோட்டத்துக்கு அடிக்கிற கிருமிநாசினியைக் கரைத்து நாயைக் குளிப்பாட்டுவது ஒன்று. சொறிக்குப் பழைய எஞ்சின் ஒயில் பூசுவது மற்றது. நாய் தன் உடம்பை நக்கும், பூசியதெல்லாம் வயிற்றுக்குள் போகும். தோலாலும் உள்ளே ஊறும். உண்ணியும் சொறியும் போக முதல் நாய் போய்விடும். அதற்கென்று பாதுகாப்பான மருந்துகள் இருக்கின்றன, நாயின் நிறையைச் சொல்லி வைத்தியரிடம் கேட்டு வாங்கலாம்.

ஒரு ஊசி போதாது

"ஊசி எல்லாம் போட்டாச்சு" என்றால் எங்கட ஊரில் விசர் ஊசி போட்டாச்சு என்றுதான் அர்த்தம். அது கட்டாயம் தேவை. சுகாதார அமைச்சு அதை இலவசமாகவே போடுகிறது. 1973இல் இலங்கையில் 377 பேர் விசர்நாய்க்கடி நோயால் இறந்தார்கள். இன்று அது வருடத்துக்கு ஒரு சில பத்துப் பேராகக் குறைந்திருக்கிறது என்றால், அதில் நாய்களுக்குப் போட்ட ஊசிக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அறிகுறி வந்த பின்னர் அந்த நோயிலிருந்து தப்புவது ஏறக்குறைய இல்லை. ஆகவே வருடாவருடம் போடுங்கள், காட்டைப் பத்திரமாக வையுங்கள். நாய் கடித்தால், யாருடைய நாயாக இருந்தாலும், ஓடுகிற தண்ணியில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிசம் காயத்தைக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆனால் விசர் ஊசி மற்ற வருத்தங்களைத் தடுக்காது. குட்டிகளை அள்ளிக்கொண்டு போவது பார்வோவும் டிஸ்டெம்பரும். இரத்தமாகக் கழிந்து வாந்தி எடுத்துச் சாவது பார்வோ. கண்ணும் மூக்கும் பீளை வடிந்து, பிறகு கை கால் வெட்டி இழுத்துச் சாவது டிஸ்டெம்பர். இரண்டுக்குமான ஊசியை ஆறு தொடக்கம் எட்டுக் கிழமைக்குள் தொடங்கி, மூன்று நாலு கிழமைக்கு ஒருமுறை, பதினாறு கிழமை ஆகும்வரை திரும்பத் திரும்பப் போட வேண்டும். தாயின் பாலில் கிடைத்த எதிர்ப்புச் சக்தி முதல் ஊசியை வேலை செய்யவிடாமல் தடுக்கலாம், அதனால்தான் ஒன்றோடு நிற்கக்கூடாது. பார்வோ வைரசு மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஒரு குட்டி செத்த வளவுக்குள் அடுத்த மாதமே ஊசி போடாத இன்னொரு குட்டியைக் கொண்டுவந்தால், அந்த ஜிம்மியும் அதே வழியில்தான் போகும்.

புழு மருந்தையும் மறக்கக் கூடாது. நாயின் குடலில் இருக்கும் கொக்கிப்புழுக்களில் ஒன்றுக்கு விஞ்ஞானப் பெயரிலேயே எங்கட நாடு இருக்கிறது: அன்கைலோஸ்ரோமா சிலானிக்கம். அது மனிதருக்கும் தொற்றும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாய்க்குப் புழு மருந்து கொடுப்பது, முற்றத்தில் வெறுங்காலோடு விளையாடும் தங்கச்சிக்கும் பாதுகாப்பு.

பெட்டை என்றால்?

எங்களுக்கு அதிகம் கோபம் வருகிற இடம் இது. "கடுவன் குட்டி எண்டால் தாங்கோ" என்று கேட்டு வாங்குவார்கள். பெட்டைக் குட்டிகள் உரப்பையில் கட்டுப்பட்டுச் சந்தையடியிலும் கோயில் வீதியிலும் கிடக்கும், கண் திறக்க முதலே. வளர்க்க மனமிருந்தும் "குட்டி போட்டுத் தள்ளும்" என்ற பயத்தில் விட்டவர்களும் உண்டு. அந்தப் பயத்துக்கு ஒரு சத்திரசிகிச்சையே விடை. கருப்பையை எடுத்துவிட்டால் குட்டித் தொல்லை மட்டும் போவதில்லை, வயது போன பெட்டைகளைக் கொல்லும் கருப்பைச் சீழ் வருத்தமும் வராது. வேளைக்குச் செய்தால் முலைக்கட்டி வரும் வாய்ப்பும் நன்றாகக் குறையும். சத்திரசிகிச்சைக்குப் பதிலாக வருடா வருடம் போடும் ஓமோன் ஊசி மலிவுதான், ஆனால் அதே கருப்பைச் சீழ் வருத்தத்துக்கு அது வழி திறக்கும். கடுவனுக்கும் செய்யலாம். ஊர் சுற்றுவதும் கடிபடுவதும் பெரும்பாலும் குறையும்.

இன்னொரு பக்கம், காசு கொடுத்துச் சாதி நாய் வாங்கும் ஆசை. யாழ்ப்பாணத்து வெயிலில் ஹஸ்கி என்ன பாவம் செய்தது? பனிக்கென்று இரட்டை மயிரோடு பிறந்தது அது. மூக்குச் சப்பையான பக்குக்கு மூச்சு விடுவதே ஒரு வேலை. 2022இல் பிரித்தானியாவில் வந்த ஆய்வொன்றில் ஜக் ரசல் ரெரியரின் எதிர்பார்க்கும் ஆயுள் 12.7 வருடம், சப்பை மூக்குப் பிரெஞ்சு புல்டோக்குக்கு வெறும் 4.5. நீண்ட ஆயுள் வேண்டுமென்றால் உரப்பையில் கிடக்கும் அந்த ஊர்ப் பெட்டைக் குட்டியைத் தூக்கி வளருங்கள். இந்த மண்ணுக்கும் வெயிலுக்கும் பழகிய உடம்பு அது.

"மனிசருக்கே காசில்லை"

இந்தக் கேள்வி வரும், வரத்தான் வேண்டும். கூலி வேலைக்குப் போய் வருகிற வீட்டில் நாய்க்கு இரத்தப் பரிசோதனை என்றால் யோசிக்கத்தான் செய்வார்கள். ஆனால் மேலே சொன்னவற்றைத் திரும்பப் பாருங்கள். கொளுக்கி, வேலி, வெங்காயம் இல்லாத சோறு, கவிழாத தண்ணிச் சட்டி, கிழமைக்கு ஒருக்கால் உண்ணி பார்ப்பது, இலவச விசர் ஊசி. ஆயுளைக் கூட்டுவதில் பெரும் பகுதி காசில்லாத வேலைதான். காசு தேவைப்படுகிற பகுதிக்கு வீட்டை மட்டும் குறை சொல்ல முடியாது. அரச கால்நடை வைத்தியர் ஒருவர் ஒரு பிரதேசத்தின் மாடு, ஆடு, கோழி எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் நாய்க்கு வர வேண்டியிருக்கிறது. 1901ஆம் ஆண்டின் நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டம் இன்னமும் இருக்கிறது. நாயைப் பதியச் சொல்லும் பிரதேச சபைகள், அந்தப் பதிவோடு வருடத்துக்கு ஒருமுறை ஊரிலேயே கருத்தடை முகாமும் நடத்த வேண்டும் என்று கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறது. கட்டாக்காலி நாய்த் தொல்லை என்று முறைப்பாடு எழுதும் அதே கடதாசியில் இதையும் எழுதலாம்.

பன்னிரண்டு வருடம் என்பது

கடைசியாக, எங்கட வயதுக்காரருக்கு ஒன்று. நாய் பன்னிரண்டு வருடம் வாழ வேண்டும் என்று கேட்கிறோம் என்றால், பன்னிரண்டு வருடம் அதைப் பார்க்க ஆள் வேண்டும் என்றும் அர்த்தம். இருபது வயதில் குட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறோம். இருபத்திரண்டில் கொழும்பில் கம்பஸ், இருபத்தைந்தில் கனடாவோ கட்டாரோ. நாய் அம்மாவோடும் அப்பாவோடும் நிற்கும். அறுபத்தைந்து வயதில் முழங்கால் நோவோடு இருக்கிற அம்மாவால் பதினெட்டுக் கிலோ நாயைப் பிடித்துக்கொண்டு ஊசிக்குப் போக முடியுமா? வெளிக்கிடுவது பிழையில்லை. ஆனால் வெளிக்கிட முதல் நாயின் காட்டை யாரிடம் கொடுப்பது, வருடத்துக்கு ஒருமுறை யார் கூட்டிப்போவது, காசு எந்தக் கணக்கில் வரும் என்று ஒரு ஆளைப் பொறுப்பாக்கிவிட்டுப் போக வேண்டும். வட்ஸ்அப்பில் நாயைக் காட்டச் சொல்லிக் கேட்பதோடு அது முடியாது.

வயது போன நாய்க்கு வருகிற எல்லாமே வயதால் வருவதில்லை. எழும்பக் கஷ்டப்பட்டால் மூட்டு நோவாக இருக்கலாம், அதற்கு மருந்து இருக்கிறது. அதிகம் தண்ணி குடித்தால் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும். வாய் நாறினால் பல் பழுது. "இனி என்னத்துக்கு, கிழடுதானே" என்று விட்டுவிடுகிற அந்தக் கடைசி மூன்று வருடமும் அதன் ஆயுளில் சேர்ந்ததுதான். பத்து வருடம் படலையைக் காத்த பிராணிக்கு அது கடனாகக் கொடுக்கிறதில்லை.

ஒரு சின்ன வேலை சொல்கிறோம். உங்கட நாய்க்கு இப்போது எத்தனை வயது? பல வீடுகளில் இதற்குச் சரியான பதில் கிடையாது. "அண்ணாவின்ர கலியாணத்துக்கு முதல் வந்தது" என்பார்கள். இன்றைக்கே கணக்குப் பார்த்து, அது பிறந்த மாதத்தையும் அடுத்த ஊசித் திகதியையும் சுவர்க் கலண்டரில், வீட்டு ஆட்களின் பிறந்தநாளுக்குப் பக்கத்தில் எழுதிவிடுங்கள். வயது தெரிந்த நாயை "விதி" என்று சொல்லி அனுப்புவது கொஞ்சம் கஷ்டம்.